பால்வாடியும் பள்ளிக்கூடமே: கொள்கைப் பிரகடனம்

இந்தப் பேரூராட்சியில் பிள்ளை வளர்க்கும் தாய் தந்தையரும் தாத்தா பாட்டிகளுமாகிய நாங்கள், இன்று கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

காலை ஏழே முக்காலுக்கு எங்கள் தெருவுக்கு வேன் வருகிறது. மூன்றரை வயதுப் பிள்ளை கழுத்தில் டையோடும் கண்ணில் தூக்கத்தோடும் ஏறுகிறது. அந்த வேனுக்கும் எல்.கே.ஜி. ஃபீஸுக்கும் நகையை அடகு வைத்த வீடுகளில் எங்கள் வீடுகளும் உண்டு. தெருமுனையிலேயே அங்கன்வாடி இருக்கிறது, ஃபீஸ் கிடையாது. ஆனாலும் "பால்வாடியில் சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க, படிப்பு எங்கே இருக்கு?" என்று நாங்களே பேசிவந்தோம்.

போய்ப் பார்த்தோம். ஒரே அறை. மூலையில் அடுப்பு, பக்கத்தில் அரிசி மூட்டை, சத்துமாவுப் பாக்கெட்டுகள். டீச்சர் ஒரு பிள்ளையை எடை பார்த்து, அதைச் செல்போனில் ஏற்றி, நடுவில் விட்ட கதையைத் தொடர்கிறார். அவர் தலையில் இத்தனை வேலையையும் ஏற்றிவிட்டு, படிப்பு இல்லை என்று சொன்னது எங்கள் தவறு.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியபோதே ஊட்டச்சத்து, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியும் அதன் பணியாக இருந்தது. 2019இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. மனம் வைத்தால் முடியும் என்று அப்போதே தெரிந்தது.

சட்டத்தில்தான் இடைவெளி. 2002இன் 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே அரசு 'முயல வேண்டும்' என்றது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 11இல், மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு 'ஏற்பாடு செய்யலாம்' என்றது. எங்கள் பிள்ளைகளின் மூன்று வயது அந்த 'லாம்' என்ற விகுதிக்குள் கழிகிறது.

ஆகவே நாங்கள் கோருகிறோம்:

1. மூன்று வயது நிறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், நடந்து போகும் தூரத்தில், கட்டணமில்லாத முன்பருவக் கல்வி சட்டப்படியான உரிமையாக வேண்டும்.
2. சமையலுக்குத் தனி இடமும் பாடத்துக்குத் தனி அறையும், பிள்ளைகள் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் வேண்டும்.
3. கற்பிப்பவருக்குக் கற்பிக்க நேரமும் நியாயமான ஊதியமும் வேண்டும்.
4. வேலைக்குப் போன தாய் திரும்பும்வரை மையம் திறந்திருக்க வேண்டும்.

கேட்பதோடு நிற்க மாட்டோம். வார்டு வார்டாக, வீடு வீடாகப் போய் மூன்று வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். மாதம் ஒரு நாள் மையத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு சாப்பிட்டு, குறையை எழுதிக் கொடுப்போம். வருகிற விஜயதசமியன்று சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் முதல் பெயர்கள், இங்கே கையெழுத்திடும் எங்கள் பிள்ளைகளுடையவை.