ஒப்பந்த வைத்தியமும் தறித் தொழிலாளியும்

வியாதிக்காரன் டாக்டரிடம் போவதும், டாக்டர் மருந்து கொடுத்துக் கூலி வாங்குவதுமான பழைய ஏற்பாடு இன்று பெரும்பாலும் மாறிவிட்டது. இருவருக்கும் நடுவில் இன்ஷியூரன்ஸ் கம்பெனி என்கின்ற மூன்றாமவர் உட்கார்ந்துகொண்டிருக்கின்றார். சாமிக்கும் பக்தனுக்கும் நடுவில் தரகன் எதற்கு என்று கேட்டுப் பழகிய நமது வாசகர்கள், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் இந்தத் தரகரைப் பற்றியும் நாலு கேள்வி கேட்க வேண்டியது நியாயமேயாகும்.

இவருக்கு வேலையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பல லட்சம் பேர் சேர்த்த பணத்தில் சில ஆயிரம் பேருக்கு இருதய ஆப்பரேஷன் நடப்பது நல்ல காரியந்தான். தலைவிதி என்று படுத்துக் கிடந்ததை விட இது எவ்வளவோ மேலானது. ஆனால் அந்தப் பணத்தை யார், எந்த ஷரத்தின்மேல் செலவழிக்கின்றார்கள் என்பதே கேள்வி.

தொழிலாளர் இன்ஷியூரன்ஸ் சட்டம் 1948-ல் நிறைவேறி, தமிழ்நாட்டில் முதன்முதல் 1955-ல் நமது கோயமுத்தூரில்தான் அமுலுக்கு வந்தது. தொழிலாளி ஒரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்ட, டிஸ்பென்சரியும் ஆஸ்பத்திரியும் பொதுச் செலவில் நடத்துவதென்பது ஏற்பாடு. சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இந்த வழியில் வந்ததேயாகும். பணம் கட்டுகிறவர்களே வைத்தியசாலைக்கும் பாத்தியதை உடையவர்கள் என்பது அதன் தத்துவம்.

பிறகு போக்கு மாறிற்று. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018-ல் இது மத்திய சர்க்கார் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்றாயிற்று. 2022 ஜனவரி முதல் ஐந்து வருஷத்துக்கு, குடும்பம் ஒன்றுக்கு வருஷம் 849 ரூபாய் வீதம் சர்க்கார் பிரிமியம் கட்டுவதாக ஒப்பந்தம். இன்ன ஆப்பரேஷனுக்கு இன்ன தொகை என்று மொத்தமாய்ப் பேசி, ஒப்பந்தம் செய்துகொண்ட ஆஸ்பத்திரிகள் முன் அனுமதி வாங்கி வைத்தியம் செய்கின்றன. ஈ.எஸ்.ஐ.யுங்கூட பெரிய வைத்தியங்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளோடு இப்படியே ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றது.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், கூலி எப்படியோ வைத்தியமும் அப்படியே என்பதாகும். அமெரிக்காவில் 1973-ல் சட்டம் செய்து வளர்த்த ஏற்பாட்டில், தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பணம். அங்கே வைத்தியம் குறைந்தால் லாபம். இங்கே காரியத்துக்கு இவ்வளவு. ஆகவே காரியம் கூடினால் லாபம். சத்தீஸ்கரில் 2012-ல், இன்ஷியூரன்ஸ் பணத்துக்காக ஏழைப் பெண்களின் கர்ப்பப்பைகளை அவசியமின்றி எடுத்ததாகப் புகார் கிளம்பி, சில டாக்டர்களின் லைசென்ஸை நிறுத்தி வைக்கும்படியாயிற்று. டாக்டர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதல்ல. ஷரத்து கெட்டால் நல்ல மனிதனும் கெடுவான்.

நமது சோமனூர், பல்லடம் தறிக்காரர் நிலைமையைப் பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. சரி, முதலமைச்சர் திட்டத்துக்குப் போகலாமென்றால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்கு மேல் இருக்கக்கூடாதாம். புருஷனும் பெண்சாதியும் இராப்பகலாய் உழைத்து மாதம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் அங்கும் கதவு சாத்தப்பட்டது! இந்தக் காலத்தில் பத்தாயிரம் வாங்குகிறவன் பணக்காரன் என்று கணக்குப் போட்ட மகான் யாரோ? அட்டை கிடைத்தவனுக்கும் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் வைத்தியத்துக்கே உதவும். அன்றாட சர்க்கரை வியாதி மாத்திரைக்கு உதவாது. அந்த மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம். அது சர்க்கார் ஆட்கள் நேரில் செய்வது. எந்தக் கம்பெனியின் அனுமதிக்கும் அங்கே காத்திருக்க வேண்டியதில்லை.

சொந்தப் பணத்தில் பாலிசி எடுத்தவர் கதையும் பெருமைப்படத்தக்கதல்ல. முன் அனுமதிக்கு ஒரு மணி நேரம், வீட்டுக்கு அனுப்பும் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று 2024-ல் இன்ஷியூரன்ஸ் ஒழுங்கு ஆணையம் உத்தரவு போட்டது. டாக்டர் போகலாமென்ற பிறகும் நோயாளியைக் காக்க வைப்பது எவ்வளவு சகஜமாய் இருந்தால், இப்படிக் கடிகாரம் வைத்து உத்தரவு போட வேண்டிவரும்!

சர்க்காரின் ஐந்து வருஷ ஒப்பந்தக் கெடு 2027 ஜனவரியோடு சரி. அடுத்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள் தமிழில் அச்சாகி ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் தொங்க வேண்டும். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுதி, மறுத்த டாக்டர் தமது பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வருமான வரம்பு கூலிக்காரன் உண்மையில் வாங்கும் கூலியைப் பார்த்து நிர்ணயிக்கப்பட வேண்டும். மில் சங்கங்களும் தறிச் சங்கங்களும் இதை மகஜராக எழுதி இப்போதே அனுப்பவேண்டும். கையெழுத்தான பிறகு கூட்டம் போட்டுப் பிரயோஜனமில்லை.