கொள்ளுக்கும் வாய் திறக்காத குதிரை

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம். வேலைக்கு வணங்காத ஆட்களைப் பற்றி ஊரில் சொல்கிற இந்தப் பழமொழியை, லாயத்தில் நாங்கள் குதிரையைப் பார்த்தே சொன்னோம். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வந்தால் திமிர் என்றோம். பந்தயத்தின் கடைசி இருநூறு மீட்டரில் பின்வாங்கினால் ஓட மனசில்லை என்றோம். பெட்டைக் குதிரையாக இருந்துவிட்டால் "பெட்டைன்னா அப்படித்தான்" என்று பேச்சை முடித்துக்கொண்டோம். வயிற்றில் புண் இருக்குமோ என்ற கேள்வி எங்களுக்குக் கடைசியாகத்தான் வந்தது. பல குதிரைகளின் விஷயத்தில் அந்தக் கேள்வியே வரவில்லை.

நாங்கள் என்று நான் சொல்வது பயிற்சியாளர்களை, உரிமையாளர்களை, மருத்துவர்களை, சவாரி கற்றுக்கொடுப்பவர்களை. இருபது வருடங்களுக்கு மேலாகச் சென்னை லாயங்களிலும், கோடைக்கு ஊட்டியிலும் குதிரைகளோடு இருந்தவன் என்பதால் இதில் என்னை முதலில் வைக்கிறேன். குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சொன்னார்கள். காலையில் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி வெச்ச ஓட்ஸ் அப்படியே கெடக்கு சார்" என்று சொன்னார்கள். ஓட்ஸை மாற்றிப் பார்க்கச் சொன்னோம்.

குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. தின்றாலும் சுரக்கும், தின்னாவிட்டாலும் சுரக்கும். ஐந்நூறு கிலோ உடம்புக்குள் இருக்கும் அந்த இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். வெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிற பிராணிக்கு அது போதும். குதிரைக்கு மென்றால்தான் உமிழ்நீர் ஊறும், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அந்த உமிழ்நீரில்தான் இருக்கிறது. ஆக, வாய் சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வயிறு தன்னந்தனியாக அமிலத்தோடு இருக்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியைக் காக்கச் சளிப்படலம் உண்டு. வெளிறிய மேல்பகுதிக்கு அப்படி எதுவும் இல்லை. குதிரை நடையை விட்டு வேகமெடுத்ததும் வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன, இரைப்பை நெருக்கப்படுகிறது, கீழே கிடக்கும் அமிலம் அந்தப் பாதுகாப்பற்ற மேல்பகுதியில் போய் மோதுகிறது. பந்தயக் குதிரையின் புண்கள் பெரும்பாலும் அங்கேதான்.

இதை வைத்துக்கொண்டு எங்கள் லாயத்து நாளைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கடைசித் தீவனம். கூடப் போட்ட காய்ந்த புல் ஒன்பது, பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். விடியற்காலை நாலரைக்கு ஒரு கை ஓட்ஸ், ஐந்தரைக்கு மைதானம். வயிறு கனத்தால் ஓடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், நாங்களும் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லித் தந்தோம். ஏழு, எட்டு மணி நேரம் புல்லே காணாத வயிற்றில் அமிலத்தைத் தேக்கி வைத்துக் குதிரையை ஓடவிட்டோம். சேணம் போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு கைப்பிடி குதிரைமசால் போட்டிருந்தால் அது அமிலத்தின் மேல் ஒரு பாய் மாதிரி விரிந்து நின்றிருக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தைத் தணித்திருக்கும். பெயரிலேயே குதிரையைச் சுமந்திருக்கும் தழை. எங்கள் ஊர் மாடுகள் அதை வயிறாரத் தின்றன.

புல்லில் குறைத்ததைத் தானியத்தில் ஈடுகட்டினோம். அது இன்னொரு தவறு. ஒரு வேளைத் தீவனத்தில் மாவுச்சத்து, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமைத் தாண்டக் கூடாது. ஐந்நூறு கிலோ குதிரை என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ ஓட்ஸோடு அந்த அளவு முடிந்துவிடும். நாங்கள் மாலையில் மூன்று கிலோ கொட்டினோம், மேலே வேகவைத்த கொள்ளு வேறு. மாவுச்சத்து வயிற்றிலேயே புளித்துத் தன் பங்குக்கு ஒரு அமிலத்தை உண்டாக்கும் என்று தெரிந்திருக்க வேண்டிய மருத்துவர்கள் எங்களோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெரியாமல் செய்தோம் என்று சொல்ல வழியில்லை. ஹாங்காங்கில் இறந்த பந்தயக் குதிரைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்து 1986-இல் எழுதிவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குதிரைகளுக்குப் புண், பயிற்சியில் இருந்தவற்றில் ஐந்தில் நான்குக்கு. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லின. 1999-இல் குதிரைகளின் வயிற்றுப் புண்ணுக்கென்றே ஒமிப்ரசோல் மருந்துப் பசை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டென்மார்க்கில், பந்தயத்துக்குப் போகாத குதிரைகளிலும், புல்லுக்கும் புல்லுக்கும் இடையில் ஆறு மணி நேரம் தாண்டினால் புண் கூடுகிறது என்று காட்டினார்கள். இவை எதுவும் ரகசியமல்ல. லாடத்துக்கும் சேணத்துக்கும் வெளிநாட்டுப் பட்டியல்களை வரி விடாமல் படித்த நாங்கள் இதைப் படிக்கவில்லை.

அந்தச் செவலைப் பெட்டையைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதி முடிக்க முடியாது. நான்கு வயது. சென்னையிலிருந்து ஊட்டிக்கு லாரியில் கொண்டுபோனோம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலான பயணத்தில் உள்ளே புல் வலை கட்டவில்லை, மலை ஏறும்போது வயிற்றுவலி வந்துவிடும் என்ற பயம். ஒரே ஒரு இடத்தில் தண்ணீர் காட்டினோம். போய்ச் சேர்ந்ததும் புது லாயம், புது நாற்றம், பக்கத்தில் தெரியாத குதிரை. பயணமும் அடைப்பும் லேசான ஓட்டமும் சேர்ந்தால் ஐந்தே நாளில் ஆரோக்கியமான குதிரைக்கும் புண் வந்துவிடும் என்பதைப் பின்னால் படித்தேன். செவலைக்கு முன்னங்காலில் வீக்கம் வேறு. பந்தயத் தேதி நெருங்கியதால் மூன்று வாரம் பினைல்பியூட்டாசோன் கொடுத்தோம். அந்த வலி மருந்து இரைப்பையின் கீழ்ப்பகுதிக் கவசத்தையும் தின்றுவிடும். காலைப் பார்த்தோம், வயிற்றைப் பார்க்கவில்லை. கொட்டாவி விட்டது, பல்லைக் கடித்தது, ரோமம் மங்கியது. கொள்ளு வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதன் சைஸ் என்னிடம், "ஏதோ நோவு சார் இதுக்கு, சொல்லத் தெரியல" என்றார். உரிமையாளர் தினமும் போனில் எப்போது ஓடும் என்று கேட்டார். நான் அவருக்குத்தான் பதில் சொன்னேன்.

கடைசியில் மூன்று மீட்டர் நீளக் குழாய்க் கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார்கள். வெளிறிய பகுதியும் சிவந்த பகுதியும் சந்திக்கும் விளிம்பு நெடுக மஞ்சள் படிந்த குழிகள். நான் திரையை விட்டுக் குதிரையின் முகத்தைப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

28 நாள் ஒமிப்ரசோல் கொடுத்தோம், தேறியது. மருந்து நின்றது, பழைய கால அட்டவணை தொடர்ந்தது. இரவுப் புல் கூட்டவில்லை, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு தரவில்லை, கையில் பிடித்துப் புல்வெளியில் அரை மணி நேரம் மேயவிட ஆள் இல்லை என்றோம். இரண்டு மாதத்தில் மறுபடி வாரைக் கண்டு முகம் சுளித்தது. இந்த முறை கேமரா விடவில்லை. விட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் விலை குறையும். சவாரிக்கு விற்றோம்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த புல் போகிறது, இரவு பத்து மணிக்கு ஒரு பங்கு தனியாக. தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. காலையில் குதிரைமசால் போடாமல் சேணம் எடுப்பதில்லை. செலவு கூடியது உண்மை. ஆனால் இது நாங்கள் மூன்று, நான்கு பேர் செய்வது. மற்ற லாயங்களில் ஆறு மணிக்கே தொட்டியைக் கழுவி விளக்கணைக்கிறார்கள், அங்கே போய்ச் சொல்ல நான் இன்னும் தயங்குகிறேன், அவர்களில் பலர் எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்கள்.

விற்ற அன்று எழுதிக் கொடுத்த தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. சுபாவம் என்ற இடத்தில் "முரடு, பழகினால் சரியாகும்" என்று என் கையெழுத்து. புண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. போன மாதம்தான் அந்தச் செவலையை வாங்கியவரைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வாரை இறுக்குறப்ப இப்பவும் கடிக்கத்தான் சார் வருது," என்றார். "நாங்க வாய்க்கட்டு போட்டு வெச்சிருக்கோம்."