பூண்டி ஏரி மீன்: தானா பெருகாதா? வருஷா வருஷம் குஞ்சு விடுவது ஏன்?

பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறந்தாலே, கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுப் பக்கம் வலையோடு ஆட்கள் இறங்கிடுவாங்க. தண்ணியோட மீனும் வரும். இவ்வளவு மீன் இருக்கும் ஏரியில் எதற்கு மறுபடி மறுபடி மீன்குஞ்சு விடணும்? காரணம் ரொம்ப எளிது. நாம விரும்பி வாங்கும் மீன்கள் அந்த ஏரியில் வளரும், ஆனா பெரும்பாலும் பெருகாது.

ஏன் முட்டை விடாது?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை போன்ற பெரிய ஆறுகளின் மீன்கள். மழைக்காலத்தில் வெள்ளம் புரண்டு ஓடும்போதுதான் இவை முட்டையிடும். தேங்கிய தண்ணியில் சினை பிடிக்கும், ஆனா முட்டை வெளியே வராது.

பூண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்த மீன்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் முக்கியமான இனப்பெருக்க காலம். ஆனா கொசஸ்தலையில் வெள்ளம் வருவது அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவமழையில். மீன் தயாரா இருக்கும்போது ஆறு காய்ஞ்சு கிடக்கும்.

அப்போ குஞ்சு எப்படி கிடைக்குது?

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் விஞ்ஞானி ஹிராலால் சவுத்ரி, ஹார்மோன் ஊசி போட்டு கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமா கொண்டாடுறோம். இன்னைக்கு பண்ணைகளில் கிடைக்கும் இந்த மீன்களின் குஞ்சுகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

உலகம் முழுக்க இதே கதைதானா?

கிட்டத்தட்ட. சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறு ஏறி வரும் மீன். அதில் கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழும் வகைகளும் உண்டு. அமெரிக்காவின் மலை நீர்த்தேக்கங்களில் தூண்டில்காரர்கள் தேடும் 'கோகனி' அப்படிப்பட்டது. முட்டையிட நல்ல ஓடை இல்லாத இடங்களில் பண்ணைக் குஞ்சை விட்டுத்தான் அதைக் காப்பாத்துறாங்க. நம்ம நீலகிரியில் சால்மனின் சொந்தக்கார மீனான ட்ரவுட்டுக்காக, 1907-லேயே அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினாங்க.

குஞ்சு விடாவிட்டால் என்ன ஆகும்?

ஏரி காலியா இருக்காது. ஜிலேபி மீன் பிடிச்சுக்கும். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மீனுக்கு ஓடும் தண்ணி தேவையில்லை. முட்டையை வாயிலேயே வச்சுப் பொரிக்கும். வேகமா பெருகும், ஆனா கட்லா அளவுக்கு விலை போகாது. வலை நிறைஞ்சாலும் மீனவர் கையில் காசு நிக்காது.

மீனவருக்கு உண்மையான ஆபத்து எது?

தண்ணீர்தான். 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இது முதலில் சென்னைக்கான குடிநீர். மீன் அப்புறம்தான். 2019 கோடையில் பூண்டி உட்பட சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டன. அப்படி ஒரு வருஷம் வந்தால், விட்ட குஞ்சு, போட்ட வலை, கடன் எல்லாமே நஷ்டக் கணக்கில் சேரும்.

கும்மிடிப்பூண்டி பக்கம் 2020-ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடி மட்டுமே. அதற்கும் கண்டலேறு - பூண்டி கால்வாய்த் தண்ணிதான் பெரிய ஆதாரம். ஏரி சின்னதா இருந்தால், மட்டம் இறங்கும்போது மீனுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

என்ன செய்யலாம்?

நேரம்: பருவமழையில் ஏரி நிறைஞ்சு, உபரி நீர் திறப்பு நின்ற பிறகு குஞ்சு விட்டால், ஷட்டர் வழியா அடிச்சுப் போகாது.

அளவு: விரல் நீளத்தைத் தாண்டி, சுமார் 10 செ.மீ. வளர்ந்த குஞ்சுகளை விடணும். பொடிக் குஞ்சு, விரால் மாதிரி மீன்களுக்கு இரையாகிடும்.

வலை: சின்னக் கண் வலை போட்டால், ஒரு வருஷத்தில் கிலோ கணக்கில் வளர வேண்டிய மீன் கால் கிலோவிலேயே போயிடும்.

தகவல்: ஏரி மட்டம் எப்போ, எவ்வளவு இறங்கும்னு மீனவர்களுக்கு முன்கூட்டியே சொன்னால், மீன் சாவதற்குள் பிடிச்சு விற்கலாம்.

கடைசியா சொன்னதற்குச் செலவே இல்லை. ஏரி மட்டம் தினமும் அளக்கப்படுது. அந்தக் கணக்கை வச்சு அடுத்த சில வாரம் எப்படி இருக்கும்னு கரையில் இருப்பவருக்கும் சொன்னால் போதும்.