பகல் விளக்கும் நம் உயிரும்

தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் காரியம் ஆகாது. வேலைக்கும் கடைக்கும் அதுதான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான். நம் நாட்டுச் சாலைகளில் மாண்டுபோகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்களே.

மோட்டார் சைக்கிள்களுக்குப் பகலிலும் முன்விளக்கு 1992 செப்டம்பரில் கட்டாயமாக்கப்பட்டது. பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வே அதற்குப் பதில்: மோட்டார் சைக்கிள் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தன.

இப்போது புதுக் கார்கள் பலவும் பகலிலேயே விளக்கு எரிய வருகின்றன. காருக்கு அது நல்லதுதான். ஆனால், எல்லாமே மின்னினால் நம்முடைய ஒற்றை விளக்கு அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகலாம். "லைட்டு எரியுது, காடிக்காரன் பார்த்திருப்பான்" என்று நம்பிவிடக் கூடாது.

பல்பு கருகினால், "சம்பளம் வரட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். விளக்கில் படிந்த செம்மண்ணைத் துடையுங்கள். வெளிர்நிறச் சட்டை போடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால், எதிரே வருபவருக்கு உங்கள் விளக்கே தெரியாது. தோட்டப் பாதை பெரிய சாலையில் சேரும் இடத்தில் நின்று, இருபுறமும் பார்த்துப் போங்கள்.

அந்தச் சந்திப்பில் பார்வையை மறைக்கும் புதர்களை வெட்டித் தரும்படி தோட்ட நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறோம். பல்புக்குச் சில வெள்ளிதான் செலவு. போன உயிரை எந்தச் சம்பளமும் மீட்காது.