நாமம் போட்ட சொம்பு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது புரட்டாசி முதல் சனிக்கிழமை முடிந்திருக்கும். எங்கள் காடாம்புலியூரில் புரட்டாசி பிறந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள நாட்காட்டி பார்க்க வேண்டியதில்லை. கறிக்கடை வாசலில் வெட்டுகிற மரக்கட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தால் போதும். "ஒரு மாசம் லீவு சார்" என்பார் கடைக்காரர். அவரும் விரதம்தான். மூன்றாம் சனிக்கிழமைக்குத் திருப்பதி போய் மொட்டையோடு திரும்புவார். நாமக்கல்லில் முட்டை விலை இறங்கும், பண்ருட்டி சந்தையில் காய் விலை ஏறும். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை அதே மரக்கட்டைக்கு முன்னால் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். அதையும் மறைப்பானேன்? ஆவணிக் கடைசி ஞாயிறு எங்கள் தெருவில் மீன்குழம்பு கொதிக்காத வீடு கிடையாது. மறுநாள் அத்தனை வீட்டிலும் புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

வருடந்தோறும் இந்தச் சமயத்தில் நம் அலுவலகத்துக்குச் சில கட்டுரைகள் வரும். புரட்டாசியில் பூமி சூட்டைக் கிளப்பும், அதனால் கவிச்சி செரிக்காது, முன்னோர்கள் அறிவியல் தெரிந்தே விலக்கினார்கள் என்று எழுதியிருப்பார்கள். அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: பெருமாளுக்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. பஞ்சாங்கம் சொல்கிற காரணம் எளிமையானது. சூரியன் கன்னி ராசியில் இருக்கும் மாதம் இது. கன்னி புதனுடைய வீடு, புதனுக்கு அதிதேவதை திருமால். ஆகவே மாதம் அவருடையது. சுண்டலை மறுமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட இவ்வளவு காரணம் எனக்குப் போதும்.

எனக்குப் புரட்டாசி என்றால் விரதத்துக்கு முன்னால் நினைவுக்கு வருவது ஒரு பித்தளைச் சொம்பு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. மாதச் சம்பளம் வருகிற வீடு, அரிசிக்குப் பஞ்சமில்லை. இருந்தும் சனிக்கிழமை காலையில் அம்மா என்னைக் குளிக்க வைத்து, நாலு முழ வேட்டி கட்டி, நெற்றியில் நாமம் இட்டு, கழுத்தில் துளசி மாலை போடுவாள். சொம்புக்கும் மூன்று பக்கம் நாமம். கையில் கொடுத்து, "போய்ப் பிச்சை எடுத்துட்டு வா" என்பாள். எங்கள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வீடு அதே தெருவில் இருந்தது. அந்தச் சொம்பின் கனம் எவ்வளவு என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சட்டம் இருந்தது. ஒரு வீட்டையும் தாண்டக் கூடாது, பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் சரி. "அரிசி போடுங்க" என்று கேட்கக் கூடாது, "கோவிந்தா, கோபாலா" என்று குரல் கொடுத்து நிற்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கோடி வீட்டு அக்கா முந்திரி உடைக்கிறவள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும், உடைக்கும்போது சாம்பலைத் தொட்டுத் தொட்டுக்கொள்வாள். என் குரல் கேட்டதும் கொட்டாப்புளியை வைத்துவிட்டு, தொட்டிக்குப் போய்க் கையைத் தேய்த்தாள். திரும்பி வரும் வழியில் நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் போய்த் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. இரண்டு கையாலும் அள்ளி, ஒரு மணி சிந்தாமல் சொம்பில் போட்டாள். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வீட்டில் அந்த அரிசியை முறத்தில் கொட்டினால் வேடிக்கையாக இருக்கும். ரேஷன் அரிசி, பொன்னிப் பச்சரிசி, புழுங்கலரிசி, யார் வீட்டிலோ பிரியாணிக்கு வாங்கி மிச்சமான சீரகச் சம்பா. எல்லாம் ஒரே பானையில். பச்சரிசி குழைந்து கரைந்துவிடும், புழுங்கல் விறைத்துக்கொண்டு நிற்கும். எந்தச் சமையல் குறிப்பிலும் சேராத பொங்கல் அது. "நம்ம அரிசியிலயே பொங்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "அது சாப்பாடு. இது தளிகை" என்றாள் அம்மா, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

வாழையிலையில் அந்தப் பொங்கல், புளியோதரை, வடை, சுண்டல், வெங்காயம் சேர்க்காத பூசணிக்காய்க் கூட்டு. நடுவே பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த மாவிளக்கு. சங்கும் சேகண்டியுமாகத் தாதர் வந்து காத்திருப்பார். ஆனால் முதல் ஷிப்ட் முடிந்து அப்பா வர இரண்டரை மணியாகிவிடும். அதுவரை பெருமாளும் நாங்களும் பசியோடு இருப்போம்.

வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் பக்கத்தில் அந்தச் சொம்புக்குப் பெரிய சொந்தங்கள் இருக்கிறார்கள் என்று. கெடில ஆற்றங்கரையில் இருக்கிறது திருவஹீந்திரபுரம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் தேவநாதப் பெருமாளிடம் செலுத்திவிடலாம் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கடலூரிலிருந்து அந்த வழியே பேருந்தில் போனால் பாதிப் பேர் மொட்டை. அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர் வேதாந்த தேசிகர். 1268இல் காஞ்சிக்குப் பக்கத்துத் தூப்புலில் பிறந்தவர், பிறந்ததும் புரட்டாசித் திருவோணத்தில். கோணல்மாணலான செங்கற்களைக் கொடுத்துச் சோதித்தபோது அவற்றைக் கொண்டே அவர் கட்டியதாகச் சொல்லும் கிணறு திருவஹீந்திரபுரத்தில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த கதை வேறு. அவ்வளவு பெரிய பண்டிதர் வீடு வீடாக அரிசி வாங்கி, உஞ்சவிருத்தி எடுத்தே வாழ்ந்தார். அவர் வறுமையைப் பார்த்து மனம் பொறுக்காமல் யாரோ அரிசியோடு பொற்காசைக் கலந்து போட்டுவிட்டார்களாம். வீட்டில் கொட்டியபோது, இது என்ன மின்னுகிறது என்று மனைவி கேட்க, ஏதோ புழு என்று ஒரு குச்சியால் தள்ளிவிட்டாராம்.

இன்னொருவர் எங்களுக்கு இன்னும் பக்கம். நெய்வேலியை அடுத்த வடலூரில் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, அந்த உலையில் விழுகிற அரிசியும் ஊர்ஊராக மக்கள் கொடுப்பதுதான். அவர் பிறந்த 1823 அக்டோபர் 5ஆம் தேதியும் புரட்டாசியில்தான் வருகிறது. புலால் விஷயத்தில் அவருக்கு வருடம் முழுக்கப் புரட்டாசி. ஒரு மாதம் இருந்துவிட்டு ஐப்பசியில் வரிசையில் நிற்கிற நாம் வடலூர் வழியாகப் போகும்போது கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்வது நல்லது. நானும் குனிந்துகொள்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை அங்கேயும் வாசலைத் தாண்டி வரிசை. விரதம் கடல் தாண்டிவிட்டது. சொம்பு தாண்டியதா என்று தெரிந்த வாசகர்கள் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.

இங்கேயே அது குறைந்துவிட்டது. முன்பெல்லாம் எங்கள் பிள்ளைகள் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்வரை பிளாக் பிளாக்காகப் போய்க் குரல் கொடுப்பார்கள். இந்த முதல் சனிக்கிழமை காலையில் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்திருந்தபோது, வெகுநாள் கழித்து வாசலில் அந்தக் குரல். ஏழெட்டு வயதுப் பையன், எவர்சில்வர் சொம்பு, வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்த நாமம். எனக்கு வந்த சந்தோஷத்தில் உள்ளே ஓடி, படி நிறைய அரிசி அளந்து எடுத்துவந்தேன்.

பையன் சொம்பைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஒரு பிடி போதும் தாத்தா. இன்னும் பதினெட்டு வீடு இருக்கு."

அன்புடன்,
ஆசிரியர்