நிலமும் குடிமை உணர்வும்

ஜொகூர், சிகாமட் மாவட்டத்தில் உள்ள சாஆ பட்டணத்தைச் சுற்றிலும் செம்பனை, ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. நாடெங்கும் இத்தகைய தோட்டங்களை வளர்த்ததில் தமிழர் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும், தோட்டத்திலேயே பிறந்து, உழைத்து, முதுமை அடைந்த பலருக்கு ஒரு சாண் நிலமும் சொந்தமாக இருந்ததில்லை. நிலமில்லாதவர் நாட்டைத் தம்முடையது என்று எப்படி உணர்வார்?

மலாயா இக்கேள்வியை விடுதலைக் காலத்திலேயே எதிர்கொண்டது. நிலமற்ற கிராம மக்களைக் குடியமர்த்த 1956-இல் பெல்டா அமைக்கப்பட்டது. குடியேறிய குடும்பங்கள் ரப்பரும் செம்பனையும் பயிரிட நிலம் பெற்றன. அவர்களுள் பெரும்பாலோர் மலாய்க்காரர். நிலம் அவர்களுக்கு வருமானத்தோடு, நாட்டில் உறுதியான ஓர் இடத்தையும் தந்தது. பெல்டா குடியேற்றங்கள் பின்னாளில் தேர்தல் அரசியலிலும் செல்வாக்குப் பெற்றன.

தோட்டத் தொழிலாளரின் நிலையோ வேறு. அக்காலத்தில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி மறுபடியும் விற்றனர். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும்; பள்ளியும் கோயிலும்கூடப் பிறர் நிலத்தில்தான் இருந்தன. ஆகவே, தோட்டத் துண்டாடல் தொழிலாளரின் வாழ்வையே ஆட்டங்காணச் செய்தது.

இந்நிலையில், துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி, நூறு வெள்ளிப் பங்கை வாங்கினர். சிறு துளி பெருவெள்ளம் ஆயிற்று. கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூலி என்று அழைக்கப்பட்டவர் பங்குதாரர் ஆனார்.

பங்கு வேறு, நிலம் வேறு என்று சிலர் கூறலாம். அஃது உண்மையே. பங்குப் பத்திரத்தின்மேல் வீடு கட்ட இயலாது. எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் வாங்கவும் முடியவில்லை. எனினும், இந்நாட்டை விட்டுப் போவதா, இங்கேயே வேரூன்றுவதா எனத் தயங்கியோருக்கு அம்முயற்சி நம்பிக்கை அளித்தது.

குடியுரிமை சட்டத்தால் கிடைப்பது. குடிமை உணர்வோ உரிமையோடு வாழும் இடத்தால் வளர்வது. எனவே, தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறுவோருக்குச் சொந்த வீடு கிடைக்கச் செய்வதை வெறும் உதவியாகக் கருதலாகாது. அது நாட்டை உருவாக்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.