நீருக்குள் இறங்கிய லோட்டஸ்

1977-இல் வெளிவந்த ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்தில், ஜேம்ஸ் பாண்டின் லோட்டஸ் எஸ்பிரிட் கடலில் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறும். அது படப்பிடிப்பு வித்தை. நீருக்கடியில் சென்ற கார் சாலையில் ஓடாது.

அந்தக் கனவை நிஜமாக்கியது சுவிட்சர்லாந்தின் ரின்ஸ்பீட் நிறுவனம். லோட்டஸ் எலிஸ் காரின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார்களைப் பொருத்தி, ‘ஸ்குபா’ என்ற பெயரில் 2008 ஜெனீவா கண்காட்சியில் நிறுத்தினார்கள். சாலையில் ஓடும்; நீரில் மிதக்கும்; 10 மீட்டர் ஆழம்வரை மூழ்கியும் செல்லும்.

அதற்குக் கூரை கிடையாது. இரண்டு கன மீட்டர் காற்றை உள்ளே அடைத்தால், காரை மூழ்கடிக்க மேலும் இரண்டு டன் எடை ஏற்ற வேண்டும். எனவே தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு, பயணிகளுக்கு அழுத்தக் காற்றுக் குழாயைக் கொடுத்தார்கள். ஆபத்து என்றால் உடனே நீந்தி வெளியேறலாம். இயற்பியலோடு மல்லுக்கட்டாத அருமையான தீர்வு இது.

‘பணக்காரர் பொம்மை’ என்று இத்தகைய நீர்-நில வாகனங்களை ஒதுக்குவது சரியல்ல. பிரிட்டனின் கிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய, சாலையிலும் நீரிலும் ஓடும் அக்வாடா காரில் 2004-இல் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் ஆங்கிலக் கால்வாயை சுமார் 1 மணி 40 நிமிடத்தில் கடந்தார். நீரில் இறங்கியதும் சக்கரங்கள் மேலே மடங்கிக்கொள்ளும் அந்த நுட்பத்தை வளர்த்தெடுத்த கிப்ஸ், பின்னர் மீட்புப் பணிக்கென ‘ஃபிபியன்’ என்ற பெரிய வாகனத்தையும் உருவாக்கியது. வெள்ள மீட்புக்குத் திட்டமிடும் அரசுகள் இந்த ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.